சன்னது யாருக்குக் காவல்?

நோயாளியின் நாடியைப் பிடிக்கிறவரும், கட்சிக்காரருக்காக நியாயஸ்தலத்தில் நின்று வாதிக்கிறவரும் முறையாகச் சன்னது பெற்ற பின்னரே அத்தொழிலில் இறங்கவேண்டும் என்பது நாகரிக தேசங்கள் யாவற்றிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. அதற்குக் காரணம் வெளிப்படை. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன் அதைப் புரட்டிப் பார்த்துச் சொத்தை உண்டா இல்லையா என்று தானே நிச்சயித்துக்கொள்ளலாம். வைத்தியரின் அறிவையும் வக்கீலின் அறிவையும் அவ்விதம் புரட்டிப் பார்க்க எளிய ஜனங்களால் இயலாது. பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் உயிரோ உடைமையோ போயிருக்கும். ஆகவே, வாங்குகிறவனால் சோதிக்க முடியாத சரக்கை அவன் பொருட்டு ராஜாங்கம் சோதிக்கிறது. சன்னதின் தத்துவம் இவ்வளவே.

இத்தத்துவத்தை ஐக்கிய அமெரிக்க மாகாணங்கள் இந்நூற்றாண்டில் ஒரு புதிய தொழிலுக்குப் பிரயோகித்து வருகின்றன. அத்தொழிலைச் செய்வோரை அங்கே 'பிஹேவியர் அனலிஸ்ட்' என்பர். 'நடத்தைப் பகுப்பாளர்' என்று நாம் தமிழில் சொல்வோம். அமெரிக்கர் தம் குழந்தைகளுக்கு எதைச் செய்துகொண்டால் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். 2021-ம் வருஷத்தில் நமது பார்லிமெண்டு நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் அட்டவணையில் இத்தொழிலின் பெயரும் ஏறியிருக்கிறது என்பதே நமது விடை. அமெரிக்கா நடந்து பார்த்த பாதையில் நாமும் கால் வைத்துவிட்டோம். பள்ளம் எங்கே, முள் எங்கே என்று கேட்டறிந்து நடப்பது விவேகம்.

தொழிலின் தன்மை

ஆட்டிசம் என்னும் நிலையுடைய குழந்தைகளுக்குப் பிறரோடு பேசிப் பழகுவது கடினமாயிருக்கிறது. சிலர் பேசுவதேயில்லை. சிலரை ஓசையும் ஒளியும் தாங்கொணாதபடி வருத்துகின்றன. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதில் சிலர் ஆறுதல் காண்கின்றனர். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு இலாகா, தான் கணக்கெடுக்கும் இடங்களில், 2000-ம் வருஷத்தில் 150 குழந்தைகளுக்கு ஒருவரிடம் இந்நிலையைக் கண்டது. 2022-ம் வருஷக் கணக்கில் எட்டு வயதுக் குழந்தைகள் 31 பேருக்கு ஒருவர். ஆட்டிசத்தின் இலக்கணம் விரிந்ததும், அதைக் கண்டறியும் முயற்சி பெருகியதும் இவ்வுயர்வுக்குப் பெருங் காரணங்கள். காரணம் எதுவாயினும், உதவி தேடும் பெற்றோரின் தொகை பெருகிவிட்டது.

அவர்களுக்கு முன் வைக்கப்படும் சிகிச்சைகளில் முதன்மையானது நடத்தைப் பகுப்பு முறை. ஒரு செய்கைக்குப் பின் கிட்டும் பலனே அச்செய்கையை வளர்க்கிறது அல்லது தேய்க்கிறது என்பது பி. எப். ஸ்கின்னர் என்னும் உளநூற் புலவரின் சித்தாந்தம். இதை அடிப்படையாகக் கொண்டு, பல் துலக்குதல், சட்டை மாட்டுதல், வேண்டியதைக் கேட்டல் போன்ற காரியங்களைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் குழந்தைக்கு ஒரு வெகுமதி கொடுத்துப் பயிற்றுகின்றனர். பயிற்சியின் பலனை நாள்தோறும் எண்ணிக் குறித்து வைக்கின்றனர். 1987-ம் வருஷத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த பேராசிரியர் லோவாஸ், வாரத்துக்கு 40 மணி நேரம் இவ்விதம் பயிற்றப்பட்ட 19 குழந்தைகளில் 9 பேர் ஏனைய குழந்தைகளைப்போல் பள்ளிப்படிப்பில் தேறினர் என்று ஒரு கட்டுரையில் அறிவித்தார். அவர் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிடவில்லை என்பதும், அன்றைய பயிற்சியில் அதட்டலும் தொடையில் அறைதலும் கலந்திருந்தன என்பதும் பின்னர் கண்டனத்துக்கு உள்ளாயின. எனினும் அக்கட்டுரை பெற்றோர் நெஞ்சில் நம்பிக்கையை மூட்டிவிட்டது. நம்பிக்கை மூண்ட இடத்தில் வியாபாரமும் மூளுவது உலக வழக்கம்.

1972-ன் பாடம்

இத்தொழிலுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற எண்ணம் தொழில் செய்வோரின் தியானத்தில் உதித்ததன்று. ஓர் அக்கிரமத்திலிருந்து உதித்தது. பிளாரிடா மாகாணத்தின் மயாமி நகரில் மனவளர்ச்சி குன்றியோருக்காக ஸன்லாண்ட் பயிற்சி நிலையம் என்ற சர்க்கார் விடுதி ஒன்று இருந்தது. 1972-ம் வருஷத்தில் அங்கே நடந்த விசாரணையில், 'நடத்தை மாற்றம்' என்ற பெயரால் நடந்த கொடுமைகள் அம்பலமாயின. விடுதிவாசிகளை மரக்கட்டையால் அடித்தனர்; நெடுநேரம் கட்டிவைத்தனர்; தனியறையில் அடைத்தனர்; வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினர்; பலர் முன்னிலையில் மானபங்கமும் செய்தனர். செய்தவர்கள் சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லியே செய்தனர். கொடுமைக்குச் சாஸ்திரத்தின் போர்வை கிடைத்துவிட்டால், அதைக் கொடுமை என்று அடையாளம் காண்பதற்கே நாளாகிறது.

அதன் பின்னர் அம்மாகாணம் நிபுணர் குழு அமைத்து விதிகள் வகுத்தது. இத்தொழில் செய்வோருக்குப் பரீட்சை வைத்துச் சான்று கொடுக்கவும் தொடங்கியது. அவ்வேற்பாட்டில் பங்குகொண்ட ஜெரால்டு ஷுக் என்பவர் 1998-ம் வருஷத்தில் தேசம் முழுமைக்குமாக ஒரு சான்றளிப்புச் சபையை நிறுவினார். எம். ஏ. தரத்துப் பட்டம், குறிப்பிட்ட பாடங்கள், மேற்பார்வையின் கீழ் ஏறத்தாழ 2,000 மணி நேர அனுபவம், இறுதியில் ஒரு பரீட்சை — இவற்றில் தேறியவர்களுக்கு அச்சபை சான்று அளிக்கிறது. இன்று அச்சான்று பெற்றோர் 70,000-க்கு மேற்பட்டவர்.

இங்கே ஒரு வித்தியாசத்தை நேயர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். சான்று வேறு, சன்னது வேறு. சான்றளிப்புச் சபை ஒரு தனியார் ஸ்தாபனம். தவறு செய்தவனிடமிருந்து தன் முத்திரையை அது திரும்பப் பெறலாம். அவனைத் தொழில் செய்யாதே என்று தடுக்க அதற்கு அதிகாரமில்லை. சட்டமில்லாத இடத்தில், முத்திரை இழந்தவன் அடுத்த தெருவில் வேறு பெயரில் பலகை மாட்டி அதே தொழிலை நடத்தலாம். அவனைத் தடுக்கும் வல்லமை ராஜாங்கத்தின் சன்னதுக்கே உண்டு. 1889-ம் வருஷத்தில் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தின் வைத்தியச் சட்டத்தை எதிர்த்து டெண்ட் என்பவர் தொடுத்த வழக்கில், ஜனங்களின் க்ஷேமத்தை முன்னிட்டு இவ்விதம் சன்னது விதிக்க மாகாணங்களுக்கு உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் செய்தது. அங்கே சன்னதுச் சட்டங்களின் அஸ்திவாரம் அத்தீர்ப்பே.

பணம் வந்தது, சன்னதும் வந்தது

அஸ்திவாரம் இருந்தும் இத்தொழிலுக்கு வீடு எழும்பப் பல ஆண்டுகள் சென்றன. எழுப்பியது பெற்றோரின் துயரம் மட்டுமன்று, பணமுமேயாகும். ஆட்டிசக் குழந்தைகளின் சிகிச்சைச் செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏற்கவேண்டும் என்று 2001-ம் வருஷத்தில் இண்டியானா மாகாணம் சட்டமியற்றிற்று. மற்ற மாகாணங்களும் பின்பற்றி, 2019-ம் வருஷத்துக்குள் ஐம்பது மாகாணங்களிலும் ஏதேனும் ஒருவகையில் அவ்வேற்பாடு வந்துவிட்டது. 2014-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார், 'மெடிகெய்ட்' என்னும் ஏழைகளின் வைத்திய நிதியிலிருந்தும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு அவசியமான சிகிச்சையை அளிக்கவேண்டும் என்று தெளிவுபடுத்திற்று. பணம் கொடுக்கிறவன், யாருக்குக் கொடுப்பது என்று கேட்பது இயல்பு. 2009-ம் வருஷத்தில் நெவாடாவும் ஓக்லஹோமாவும் சன்னதுச் சட்டம் செய்தன. இன்று அத்தகைய சட்டம் உள்ள மாகாணங்கள் முப்பதுக்கு மேற்பட்டவை. கலிபோர்னியாவில் 2016-ம் வருஷத்தில் கொண்டுவரப்பட்ட மசோதா நிறைவேறாமல் போயிற்று.

இச்சட்டங்களால் நன்மை விளைந்ததா எனின், விளைந்தது என்றே நாம் சொல்வோம். தகுதியில்லாதவன் இப்பெயரைச் சூட்டிக்கொள்வது குற்றமாயிற்று. பெற்றோர் புகார் கொடுக்க ஓர் இடம் ஏற்பட்டது. சாட்சிகளை அழைக்கவும், தொழிலிலிருந்து விலக்கவும் அதிகாரமுள்ள ஒரு சபை ஏற்பட்டது. இவை சொற்பமல்ல. ஆனால் சட்டம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று உறங்குவோருக்கு அமெரிக்க அனுபவம் நான்கு பாடங்களைப் புகட்டுகிறது.

அறையில் இருப்பவர் யார்?

முதலாவது, சன்னது பெற்றவர் ஒருவர். குழந்தையோடு உட்காருகிறவர் வேறொருவர். பட்டம் பெற்ற பகுப்பாளர் திட்டம் வகுத்துத் தருகிறார். நாள்தோறும் பல மணி நேரம் குழந்தையைப் பயிற்றுகிறவர் 'டெக்னீஷியன்' எனப்படும் உதவியாளர். அவருக்கு வேண்டிய யோக்கியதை பதினெட்டு வயது, உயர்தரப் பள்ளிப் படிப்பு, 40 மணி நேரப் பயிற்சி, ஒரு பரீட்சை. ஒரு குழந்தை ஒரு வாரத்தில் பெறும் சிகிச்சை நேரமும், அச்சிகிச்சையைச் செய்கிறவர் பெற்ற பயிற்சி நேரமும் சில சமயங்களில் ஒன்றாகவே இருக்கின்றன! நெவாடா போன்ற சில மாகாணங்களே இவ்வுதவியாளரையும் பதிவுக்கு உட்படுத்துகின்றன. மற்ற இடங்களில், மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார் என்று சட்டம் நம்பியிருக்கிறது. மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் எத்தனை குழந்தைகள், எத்தனை உதவியாளர்கள் என்பதைக் கம்பெனியின் லாபக் கணக்கு தீர்மானிக்குமானால், அந்நம்பிக்கைக்கு என்ன மதிப்பு?

லாபக் கணக்கு என்று நாம் வீணாகச் சொல்லவில்லை. இத்துறையில் முதலாளிக் கூட்டங்கள் பெரும் பணத்தைப் போட்டு நிலையங்களைச் சங்கிலிபோல் வாங்கின. அத்தகைய பெரிய ஸ்தாபனங்களில் ஒன்றை 2018-ம் வருஷத்தில் பிளாக்ஸ்டோன் என்னும் முதலீட்டு நிறுவனம் வாங்கிற்று; 2023-ம் வருஷத்தில் அது திவால் மனுப்போட்டது. இடையில் நிலையங்கள் மூடப்பட்டபோது, பழகிய ஆசிரியரை இழந்து குழந்தைகள் திகைத்தனர். மாற்றத்தையே பொறுக்கமாட்டாத குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டோ?

சன்னது இருந்தும் மின்சார அடி

இரண்டாவது, சன்னது ஆளைச் சோதிக்கிறது, முறையைச் சோதிப்பதில்லை. இதற்குச் சான்று மாஸாசூஸெட்ஸ் மாகாணம். அங்கே காண்டன் என்னும் ஊரில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் நிலையம் என்ற விடுதி இருக்கிறது. ஸ்கின்னரிடம் பயின்ற மாத்யூ இஸ்ரேல் என்பவர் அதன் ஸ்தாபகர். தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வோரையும் பிறரைத் தாக்குவோரையும் திருத்தவென்று, அவ்விடுதிவாசிகள் சிலரின் உடலில் மின்சாரக் கருவியைக் கட்டி, தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தி அடி கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டு. 2002-ம் வருஷத்தில் ஓர் இளைஞனுக்கு ஒரே நாளில் பல மணி நேரத்தில் 31 முறை அவ்வடி கொடுக்கப்பட்டது. அதன் படக்காட்சி 2012-ம் வருஷத்தில் நீதிமன்றத்தில் காட்டப்பட்டபோது தேசமே திடுக்கிட்டது.

அதே மாகாணத்தில் நடத்தைப் பகுப்பாளருக்கான சன்னதுச் சட்டம் 2013-ம் வருஷத் தொடக்கத்தில் கையெழுத்தாயிற்று. மின்சார அடி நின்றதா? நிற்கவில்லை. மத்திய சர்க்காரின் மருந்து இலாகா 2020-ம் வருஷத்தில் அக்கருவியைத் தடைசெய்தது. வைத்தியத் தொழிலில் தலையிட அவ்விலாகாவுக்கு அதிகாரமில்லை என்ற காரணத்தால் 2021-ம் வருஷத்தில் அப்பீல் நீதிமன்றம் அத்தடையை ரத்துச் செய்தது. 2022-ம் வருஷ இறுதியில் காங்கிரஸ் சபை சட்டத்தைத் திருத்தி அவ்வதிகாரத்தைக் கொடுத்தது. 2024-ம் வருஷத்தில் இலாகா மீண்டும் தடை விதிக்கும் உத்தேசத்தை வெளியிட்டது. சர்வதேச நடத்தைப் பகுப்புச் சங்கமே இக்கருவியைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது 2022-ம் வருஷத்தில்தான். சன்னதுச் சபை, மருந்து இலாகா, நீதிமன்றம், சட்டசபை ஆகிய நான்கு வாசல்களிலும் காவலர் நின்றனர். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருந்தனர். உள்ளே அடி விழுந்துகொண்டிருந்தது. எதைச் செய்யலாகாது என்று எழுத்தில் வரையறுக்காத சன்னது பாதிச் சன்னதேயாகும்.

பணத்தின் ஓட்டை

மூன்றாவது, சன்னது யோக்கியதைக்கு ஜாமீன். நாணயத்துக்கு ஜாமீன் அன்று. இண்டியானா மாகாணத்தில் 2019, 2020-ம் வருஷங்களில் இச்சிகிச்சைக்காக ஏழைகளின் நிதியிலிருந்து கொடுக்கப்பட்ட தொகைகளை மத்திய சர்க்காரின் தணிக்கையாளர் பரிசோதித்து, 2024-ம் வருஷ டிசம்பரில் அறிக்கை வெளியிட்டனர். மாதிரிக்கு எடுத்த 100 கணக்குகளில் முறையற்றதோ சந்தேகத்துக்கு இடமானதோ ஆகிய கோரிக்கை இல்லாத கணக்கு ஒன்றுகூட இல்லை! முறைகேடாகக் கொடுக்கப்பட்டது குறைந்தபட்சம் 5 கோடியே 60 லட்சம் டாலர் என்று அவர்கள் மதிப்பிட்டனர். இதற்கு முன்பே, 2018-ம் வருஷத்தில், மோசடிப் பெருக்கத்தைக் கண்டு பிளாரிடா சர்க்கார் மயாமிப் பிரதேசத்தில் இச்சிகிச்சைக்குப் புதிய நிலையங்களை மெடிகெய்டில் சேர்ப்பதையே நிறுத்தி வைத்தது. ஏழைக் குழந்தையின் பெயரால் எழுதப்பட்ட பொய்க் கணக்கு, மற்றோர் ஏழைக் குழந்தைக்கு உரிய சிகிச்சையைத் திருடுவதாகும்.

சபையில் அமர்வோர் யார்?

நான்காவது, காவலரே கட்சிக்காரராகிவிடும் அபாயம். சன்னது கொடுக்கும் சபைகளில் பெரும்பாலும் அத்தொழில் செய்வோரே அமர்கின்றனர். அறிவுடையோர் அமர்வது அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தம் தொழிலுக்குப் போட்டியாக வருவோரைத் தடுக்கும் அதிகாரத்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால், ஜனங்களின் க்ஷேமம் என்ற பெயரில் தொழிலாரின் கோட்டை எழும்பிவிடும். வட காரோலினாவில் பல் வைத்தியர்கள் நிறைந்த சபையொன்று, பல்லை வெண்மையாக்கும் தொழில் செய்த பிறருக்குத் தடை நோட்டீஸ் அனுப்பிற்று. 2015-ம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம், ராஜாங்கத்தின் நேரான மேற்பார்வையின்றித் தொழிலாரே ஆளும் சபை, வியாபாரப் போட்டிச் சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு எல்லாத் தொழில்களின் சபைகளுக்கும் எச்சரிக்கை. வக்கீல் தொழிலும் அதற்கு விலக்கன்று. அத்தொழிலைச் சேர்ந்த நாம் இதைத் தயக்கமின்றிச் சொல்கிறோம்.

சன்னதே வேண்டாமா?

இவற்றையெல்லாம் கண்டு, சன்னதே கூடாது என்போர் உளர். மில்டன் பிரீட்மன் என்ற பொருளாதார நிபுணர் 1962-ம் வருஷத்திலேயே அவ்விதம் வாதித்தார். சன்னது ஆட்களைக் குறைக்கிறது. ஆட்கள் குறைந்தால் கூலி ஏறுகிறது. ஏழை காத்துக் கிடக்கிறான் என்பது அவர்கள் கட்சி. 2015-ம் வருஷத்தில் வெள்ளை மாளிகையே வெளியிட்ட அறிக்கை, அமெரிக்கத் தொழிலாளரில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் வேலைக்குச் சன்னது வைத்திருக்க வேண்டியவர்கள் என்று கூறி, இப்பெருக்கத்தைக் குறித்துக் கவலை தெரிவித்தது. பூக்கட்டுகிறவருக்கும் சன்னது கேட்ட மாகாணம் அங்கே உண்டு. பூ வாடினால் வேறு பூ வாங்கலாம். குழந்தையின் மூன்றாவது வயதும் நான்காவது வயதும் போனால் எங்கே வாங்குவது? ஆகவே, எல்லாத் தொழிலுக்கும் ஒரே நியாயம் பேசுவது பொருந்தாது. தீங்கு பெரிதாகவும், வாங்குகிறவரால் சோதிக்க இயலாததாகவும் இருக்கும் தொழிலுக்குச் சன்னது வேண்டும் என்பதே நமது முடிவு.

ஆனால், இங்கே வாங்குகிறவர் யார்? இக்கேள்வியே இவ்விஷயத்தின் மூலம். பணம் கொடுக்கிறவன் இன்ஷூரன்ஸ் கம்பெனி. கையெழுத்துப் போடுகிறவர் பெற்றோர். அனுபவிக்கிறது குழந்தை. கம்பெனிக்கு வேண்டியது கணக்கு. பெற்றோருக்கு வேண்டியது நம்பிக்கை. குழந்தைக்கு வேண்டியது என்னவென்று கேட்பார் இல்லை. இன்று வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசமுடையோர் தாமே சங்கம் அமைத்துப் பேசத் தொடங்கியிருக்கின்றனர். அவர்களுடைய சங்கங்களில் ஒன்று 2006-ம் வருஷத்தில் தோன்றியது. கண்ணோடு கண் நோக்கும்படி கட்டாயப்படுத்தியதும், மனத்தை ஆற்றிக்கொள்ளக் கையை அசைத்தபோது அதைத் தடுத்ததும் தங்களுக்கு உதவியாகவன்றி உபத்திரவமாகவே இருந்தன என்று அவர்களில் பலர் கூறுகின்றனர். இத்தொழிலார் பலர் அதைக் கேட்டுத் தம் முறைகளை மென்மைப்படுத்தியும் இருக்கின்றனர். அனுபவித்தவரின் சாட்சியத்துக்கு மேற்பட்ட சாட்சியம் எந்த நியாயஸ்தலத்தில் உண்டு? அவர்களுக்குச் சபையில் ஆசனம் இல்லாத சன்னது, கட்சிக்காரரை வெளியே நிறுத்தி நடத்தும் விசாரணையாகும்.

நமது நாட்டில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஊனமுற்றோர் நலத் துறையில் பணிபுரியும் நிபுணர்களைப் பதிவு செய்யவென்று 1992-ம் வருஷத்தில் இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. பதிவின்றித் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது கூறுகிறது. ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு அஞ்சிப் பலகையை இறக்குவோர் எத்தனை பேர்? 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை அங்கீகரித்தது. 2021-ம் வருஷத்துச் சட்டம், வைத்தியத்தோடு இணைந்த தொழில்களுக்கென ஒரு தேசிய ஆணையத்தையும், மாகாணந்தோறும் ஒரு கவுன்சிலையும் ஏற்படுத்தும்படி விதித்து, தன் அட்டவணையில் நடத்தைப் பகுப்பாளரையும் சேர்த்தது. முன்னர் நம்மவர் பலர் நாடிச் சென்ற அமெரிக்கச் சான்றளிப்புச் சபையோ, 2023-ம் வருஷம் முதல் இந்தியாவிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. அயலான் முத்திரையை நம்பியிருந்த காலம் முடிந்தது. நம் குழந்தைகளுக்கு எது தகும் என்று நாமே தீர்மானிக்கும் பொறுப்பு நம் தலைமேல் விழுந்திருக்கிறது. இதை நாம் நஷ்டமாகக் கருதவில்லை. தன் காரியத்தைத் தானே நடத்துவதன்றோ சுயராஜ்யம்!

அப்பொறுப்பை நிறைவேற்ற நாம் கோருவன இவை. தேசிய ஆணையமும் மாகாணக் கவுன்சிலும் இத்தொழிலுக்கு விதி வகுக்கையில், பட்டம் பெற்ற பகுப்பாளரை மட்டுமன்றி, குழந்தையோடு அறையில் இருக்கும் உதவியாளரையும் பதிவுக்கு உட்படுத்தவேண்டும். ஒருவர் எத்தனை பேருக்கு மேற்பார்வை செய்யலாம் என்பதற்கு எல்லை கட்டவேண்டும். அடித்தல், கட்டிவைத்தல், பட்டினி போடுதல், அறையில் அடைத்தல் ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தடைசெய்யவேண்டும். விதி வகுப்போர் நடுவில் பெற்றோரும் ஆட்டிசமுடைய பெரியோரும் இருக்கவேண்டும். சிகிச்சை நடக்கும் அறையைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்கும் உரிமையை எழுத்தில் கொடுக்கவேண்டும். பதிவேட்டைத் தமிழில், எவரும் காணும்படி வெளியிடவேண்டும். புகாரையும் தமிழிலேயே ஏற்கவேண்டும். தமிழ் பேசும் தாய் தன் குழந்தைக்கு நேர்ந்ததை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால்தான் விசாரிப்போம் என்னும் சபை நமக்கு வேண்டாம்.

அவ்விதிகள் வரும்வரை கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. பகுப்பாளரைத் தண்டிக்கும் சபை, பெற்றோர் இழந்த பணத்தைப் பெரும்பாலும் மீட்டுத் தருவதில்லை; தண்டனை வேறு, நஷ்டஈடு வேறு. நஷ்டஈட்டுக்கு நம் நாட்டில் வழி திறந்திருக்கிறது. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்தின் வரம்புக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ம் வருஷத்தில் சாந்தா வழக்கில் தீர்ப்புச் செய்தது. கூலி பெற்றுச் செய்யும் இப்பயிற்சிக்கும் அந்நியாயம் பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காரணம் எழுந்த இரண்டு வருஷங்களுக்குள் ஜில்லா ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் இல்லாமலே கொடுக்கலாம். ஆட்டிசத்தை முற்றிலும் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்கிறவர் மீது, பொய் விளம்பரத்துக்காக மத்திய ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடங்கொடுக்கிறது. ஆட்டிசத்தை அடியோடு மாற்றும் மருந்தோ பயிற்சியோ இன்று உலகில் இல்லை. குழந்தை தன்னால் இயன்ற அளவு கற்கவும், தன் கருத்தைச் சொல்லவும், மகிழ்ந்திருக்கவும் உதவும் பயிற்சிகளே உண்டு. இதற்கு மேல் வாக்களிப்பவன் எவனாயினும், அவன் சுவரில் எத்தனை சான்றுகள் தொங்கினும், அவனை நம்பவேண்டாம்.

பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகளும் சிலவே. என் குழந்தையோடு உட்காரப்போகிறவர் யார்? அவர் என்ன படித்தார்? அவரை மேற்பார்க்கிறவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் நேரில் வருகிறார்? குழந்தை மறுத்து அழுதால் என்ன செய்வீர்கள்? நான் உள்ளே வந்து பார்க்கலாமா? இவ்வைந்துக்கும் முகம் சுளிக்காமல் விடை சொல்கிறவர், சன்னது வரும் முன்னரே சன்னதுக்குத் தகுதியுடையவர். சுளிக்கிறவர், சன்னது பெற்ற பின்னரும் தகுதியற்றவர்.

தேச ஊழியத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைகளில் பேசப்படும் பெரிய உரிமைகளோடு, இச்சிறிய உரிமையையும் உங்கள் வேலைத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டசபை அங்கத்தினரைச் சந்திக்கும்போது, மாகாணக் கவுன்சிலில் பெற்றோருக்கும் ஆட்டிசமுடையோருக்கும் எத்தனை ஆசனம் என்று கேளுங்கள். ஊரில் பலகை மாட்டியிருக்கும் நிலையங்களுக்குப் பதிவு உண்டா என்று விசாரியுங்கள். வாக்குச் சீட்டு இல்லாதவர்கள், ஊர்வலம் வரமுடியாதவர்கள், தமக்கு நேர்ந்த தீங்கைத் தாமே சொல்லவும் இயலாதவர்கள் இக்குழந்தைகள். வாயுள்ளவர்கள் வகுக்கும் விதியில் வாயில்லாதவரின் நலம் முதலில் நிற்குமானால் சன்னது காவலாகும். கடைசியில் நின்றால் அது தொழிலாரின் கதவுக்குப் பூட்டாக மட்டுமே பயன்படும். விதி எழுதப்படும் முன்னர் பேசினால் பயன் உண்டு. எழுதிய பின் பேசுவது அமெரிக்கா பட்ட பாட்டை நாமும் முதலிலிருந்து படுவதாகும்.